‘இன்று பையில் என்ன?’ குழுவில் ஒரு சனிக்கிழமை

செல்வம், காலை 8:05
📷 படம்
இன்று என் பையில்: இங்கே ஷெஃபீல்டில் ஏ. ரைட் அண்ட் சன் பட்டறை செய்த லாம்ப்ஃபுட் மடக்குக் கத்தி. ரோஸ்வுட் பிடி, கார்பன் ஸ்டீல் அலகு. இதுவரை செய்த வேலை: ஒரு பார்சல், ஒரு ஆப்பிள், தக்காளிச் செடிக்குக் கட்ட கொஞ்சம் சணல்.

கார்த்திக், காலை 8:11
பார்சல் முதலிலா, ஆப்பிள் முதலிலா சித்தப்பா?

செல்வம், காலை 8:12
பார்சல். நடுவில் துடைத்தேன். பேன்ட்டில்.

நந்தினி, காலை 8:12
அப்பா 🤦🏽‍♀️

கார்த்திக், காலை 8:20
📷 படம்
ஏலத்தில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பழைய ஷெஃபீல்டுப் பட்டறையான ஜோசப் ராட்ஜர்ஸ் செய்த கத்தி, மான்கொம்புப் பிடி. அவர்கள் முத்திரையான நட்சத்திரமும் சிலுவையும் தெளிவாக இருக்கின்றன. விக்டோரியா காலத்துச் சரக்கு என்கிறார் விற்பவர். தினமும் பையில் வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

செல்வம், காலை 8:24
முத்திரையில் கிரீடத்துக்கு இரண்டு பக்கமும் என்ன எழுத்து? பெரிதாக்கிப் பார்.

கார்த்திக், காலை 8:26
ஜி, ஆர். கீழே இங்கிலாந்து என்றும் இருக்கிறது.

செல்வம், காலை 8:31
அப்போது விக்டோரியா இல்லை. அவர் ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்து முத்திரை வி, ஆர். ஜி, ஆர் என்றால் ஜார்ஜ் மன்னர்கள். நாட்டின் பெயரும் சேர்ந்து இருப்பதால் பழைய நான்காம் ஜார்ஜ் இல்லை. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1891-இல் கட்டாயமாக்கிய பிறகுதான் அது பரவலாக வந்தது. ஆகவே ஐந்தாம் ஜார்ஜோ ஆறாம் ஜார்ஜோ. 1910-க்கு முன்னால் போகாது. விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேள்.

கார்த்திக், காலை 8:33
போலியாக இருக்குமா?

செல்வம், காலை 8:37
போலி இந்த ஊருக்குப் பழைய தலைவலி. ஜெர்மனியின் சோலிங்கனில் செய்து ஷெஃபீல்டு பெயரைக் குத்தி விற்றார்கள். அந்தக் கூச்சல்தான் 1887-இல் வணிக முத்திரைச் சட்டம் வரக் காரணங்களில் ஒன்று. உன் படத்தில் இருப்பது அசல் மாதிரிதான் தெரிகிறது. எனக்குப் பிடிக்காதது வேறு. அதை அப்புறம் சொல்கிறேன், டீ ஆறுகிறது.

மீனா, காலை 8:40
கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போகிறானா? அங்கே போலீஸ் பிடிக்காதா? நந்தினி, நீயாவது சொல்லு.

நந்தினி, காலை 8:52
பெரியம்மா, இங்கிலாந்தில் 1988-இல் வந்த குற்றவியல் நீதிச் சட்டத்தில் இதற்கென்றே விலக்கு இருக்கிறது. மடங்க வேண்டும், திறந்த அலகைப் பிடித்துவைக்கும் பூட்டு இருக்கக் கூடாது, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அப்படியிருந்தால் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டிக்கொள்ளும் கத்தி, அலகு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இந்த விலக்கில் வராது. 1990-களில் நீதிமன்றங்களே அப்படிச் சொல்லிவிட்டன.

நந்தினி, காலை 8:53
ஆனால் யாரையாவது குத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால் அது ஆயுதம்தான், எத்தனை அங்குலம் என்ற பேச்சே இல்லை. நீதிமன்றம், விமான கேபின், ஃபுட்பால் மைதானம் எங்கும் கொண்டுபோகாதே அண்ணா.

கார்த்திக், காலை 8:54
சரி வக்கீல் அம்மா.

ராஜா, காலை 9:10
மருமகனே, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்தக் கரடும் நிறமும் பார்த்தால் நம் ஊர் மிளா மான் கொம்பு மாதிரி இருக்கிறதே?

செல்வம், காலை 9:16
மிளாதான் அத்தான், நீங்கள் சொன்னால் தப்பாது. ஷெஃபீல்டுக் கத்திகளில் வரும் நல்ல மான்கொம்பு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலில் போனது. இங்கிலாந்து மான்களின் கொம்பில் நடுவே பஞ்சு மாதிரி மென்மையான சோறு அதிகம். மிளாக் கொம்பு கெட்டி, ஆணி அடித்தால் பிளக்காது. எருமைக் கொம்பும் அங்கிருந்துதான் வந்தது.

ராஜா, காலை 9:22
வருஷா வருஷம் உதிரும், முண்டந்துறைப் பக்கம் எத்தனையோ கிடக்கும். ஆனால் காட்டில் உதிர்ந்து கிடந்தாலும் அது அரசாங்கச் சொத்து. 1972 வனவிலங்குச் சட்டம். எடுத்து வீட்டில் வைத்தவர்கள் மேல் நானே வழக்குப் போட்டிருக்கிறேன். இந்தக் கத்தியை லீவுக்கு வரும்போது ஊருக்குக் கொண்டுவராதே. உன் மாமன் ரேஞ்சராக இருந்தான் என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்கள்.

நந்தினி, காலை 9:25
இங்கே தந்தத்துக்கும் அதே கதை. 2018-இல் சட்டம் போட்டு 2022-இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். சில விலக்குகள் போக, தந்தப் பிடி போட்ட பழைய பேனாக்கத்தியை விற்கவோ வாங்கவோ முடியாது. அண்ணா கண்ணில் அடுத்து அதுதான் படும், அதனால் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

கார்த்திக், காலை 9:26
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நந்தினி, காலை 9:26
பார்த்துவிட்டேன் 😂

செல்வம், காலை 10:02
டீ முடிந்தது. இப்போது கேள்.
உன் படத்தில் கத்தி மூடியிருக்கும்போது அலகின் நுனி பிடிக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. பல வருஷம் சாணை பிடித்து அலகு தேய்ந்து போயிருக்கிறது. பையில் கைவிட்டால் அந்த நுனிதான் முதலில் விரலைப் பார்க்கும். கண்ணாடி அலமாரிக்கு அருமையான கத்தி. பேன்ட் பைக்கு இல்லை.

செல்வம், காலை 10:09
எதை வாங்கினாலும் இதைப் பார். பூட்டு இல்லாத கத்தியில் எல்லாம் முதுகு ஸ்பிரிங்கில்தான் இருக்கிறது. அலகின் அடிக்கட்டையில் தட்டையான பக்கங்கள் இருக்கும், ஸ்பிரிங் அதன்மேல் அழுத்தி உட்காரும். திறந்தாலும் மூடினாலும் ‘டக்’ என்று விழ வேண்டும். சோம்பலாக விழுந்தால் ஸ்பிரிங் போய்விட்டது. நகம் பிய்கிற அளவு இறுக்கமாக இருந்தால் அதுவும் தொல்லை. பிடியின் முதுகை விரலால் தடவிப் பார், திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும். ஸ்பிரிங் மேடாகவோ பள்ளமாகவோ தட்டக் கூடாது. பிறகு அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பிடிக்குள் இருக்கும் தகட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கீற்று தெரிகிறதா என்று பார். மெல்லிய கீற்று என்றால் மன்னிக்கலாம், கையால் செய்த சரக்கு. ஆட்டத்தை மன்னிக்காதே.

கார்த்திக், காலை 10:12
வடிவம்?

செல்வம், காலை 10:18
லாம்ப்ஃபுட். யோசிக்கவே வேண்டாம். விளிம்பு நேர்கோடு, முதுகு சரிந்து நுனியில் வந்து சேரும். ஆட்டுக் குளம்பு சீவ வைத்திருந்தது என்பார்கள். நுனி தாழ்வாக இருப்பதால் எதையும் தெரியாமல் குத்திவிடாது, பார்க்கிறவர்களும் பயப்பட மாட்டார்கள். சாணைக்கல்லில் இழுப்பது இதில்தான் சுலபம், வளைவே இல்லையே. ஈட்டி மாதிரி முனை உள்ள அலகு படத்தில்தான் அழகு.

மீனா, காலை 10:25
தம்பி, துருப்பிடிக்காத கத்தியாகப் பார்த்து வாங்கச் சொல்லக் கூடாதா?

செல்வம், காலை 10:33
மதினி, அதைக் கண்டுபிடித்ததும் இதே ஊர்தான்! ஹாரி பிரியர்லி, 1913. துப்பாக்கிக் குழல் தேயாமல் இருக்க உலோகம் தேடினார், துரு ஏறாத ஸ்டீல் கிடைத்தது. கத்தி செய்யலாம் என்று இங்கேயுள்ள பட்டறைக்காரர்களிடம் போனால், ‘வெட்டாத கத்தி’ என்று கேலி செய்தார்கள். 1740-களில் ஹன்ட்ஸ்மன் என்பவர் மூசையில் (உலோகம் உருக்கும் குடுவையில்) உருக்கிய ஸ்டீலைக் கொண்டுவந்தபோதும், ரொம்பக் கடினம் என்று ஒதுக்கிய ஊர் இது. அவர் பிரான்ஸுக்கு விற்றார். பிரெஞ்சுக் கத்தி வந்து இவர்கள் வியாபாரத்தைத் தின்ன ஆரம்பித்த பிறகுதான் வழிக்கு வந்தார்கள்.

செல்வம், காலை 10:35
எனக்குக் கார்பன் ஸ்டீல்தான் பிடிக்கும். நாலு இழுப்பில் கூர் ஏறும். பழம் வெட்ட வெட்டச் சாம்பலும் நீலமுமாக நிறம் படியும்.

மீனா, காலை 10:38
நம் அரிவாள்மனை மாதிரி. வாழைப்பூ நறுக்கினால் கறுத்துவிடும். கழுவி உடனே துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வை கார்த்திக்.

செல்வம், காலை 10:41
இந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்துவிடும் மதினி. மூட்டுக்குள் போனால் நாளடைவில் பிசின் மாதிரி ஒட்டும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

மீனா, காலை 10:41
அதுவும் சரிதான்.

ராஜா, காலை 10:50
முழுக் கத்தியையும் ஒரே ஆளா செய்கிறார்?

செல்வம், காலை 10:57
பெரிய பட்டறைகளில் இல்லை அத்தான். ஒருவர் அலகைத் தீட்டுவார், இன்னொருவர் பிடி பொருத்துவார். மெருகு போடுவது பெண்கள். தீட்டுகிறவர்கள் கல்தூசியைச் சுவாசித்து இளம் வயதிலேயே நுரையீரல் போய்ச் செத்தார்கள், அழகான கத்தியைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வரும். ஆரம்பம் முதல் முடிவு வரை தானே செய்கிற தனிக் கைவினைஞர்களும் உண்டு. ஸ்டான் ஷா அந்த வரிசையில் பெரிய பெயர். 14 வயதில் தொழிலுக்கு வந்தவர், 2021-இல் இறந்தார். அவர் கத்திக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

கார்த்திக், காலை 11:00
ராட்ஜர்ஸ் ஆயிரக்கணக்கான அலகு வைத்து ஒன்று செய்தார்களாமே?

செல்வம், காலை 11:02
ஆண்டுக் கத்தி. 1822-இல் 1822 அலகுகள். பிறகு ஆண்டுகள் ஏற ஏற அலகும் சேர்த்தார்கள்.

ராஜா, காலை 11:03
அதை மடியில் கட்டினால் வேட்டி நிற்காது.

கார்த்திக், காலை 11:15
சரி, ஏலத்தை விட்டுவிட்டேன். புதிய லாம்ப்ஃபுட் ஒன்று சொல்லிவிடவா?

செல்வம், காலை 11:19
பணத்தைக் கொட்டாதே. என்னிடம் எருமைக் கொம்புப் பிடியில் ஒன்று சும்மா கிடக்கிறது. நாளை மதியம் சாப்பிட வா, தருகிறேன்.

மீனா, காலை 11:20
கத்தியைக் கையில் கொடுக்காதே தம்பி. மேஜைமேல் வை, அவன் எடுத்துக்கொள்ளட்டும்.

செல்வம், காலை 11:23
இவர்களுக்கும் அந்தப் பயம் உண்டு மதினி. கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துபோகுமாம். வாங்குகிறவர் ஒரு காசு கொடுத்து விலைக்கு வாங்கியதாக ஆக்கிவிடுவார். இரண்டு ஊர் வழக்கத்தையும் செய்துவிடுவோம். கார்த்திக், ஒரு பென்னி எடு.

கார்த்திக், காலை 11:26
கையில் சில்லறையே இல்லை. ஆப்பில் அனுப்பிவிட்டேன் சித்தப்பா, பாருங்கள்.

நந்தினி, காலை 11:27
பரிமாற்றக் குறிப்பில் ‘கத்திக்கு’ என்றா எழுதினாய்??

கார்த்திக், காலை 11:27
பின்னே என்ன எழுத?

நந்தினி, காலை 11:28
‘மதியச் சாப்பாடு’ என்று எழுதியிருக்கலாமே!

செல்வம், காலை 11:30
ஒரு பென்னி வந்து சேர்ந்தது. வரும்போது கறிவேப்பிலை வாங்கி வா, இங்கே கடையில் தீர்ந்துவிட்டது.

ராஜா, காலை 11:34
மாப்பிள்ளை, அடுத்த முறை ஊருக்கு வரும்போது எனக்கும் ஒரு லாம்ப்ஃபுட். மரப்பிடி போதும். மான்கொம்பு வேண்டாம்.

நந்தினி, காலை 11:35
செக்-இன் பெட்டியில் வையுங்கள் அப்பா. கைப்பையில் இல்லை.