அப்பிச்சி வீட்டு குரூப்: கண்வலிக்கிழங்கு பேச்சு

கவின்: அக்கா, அப்பிச்சிக்குக் கால் கட்டைவிரல் மறுபடி செக்கச்செவேல்னு வீங்கிருச்சு. யூரிக் ஆசிட்தான். டாக்டர் கோல்சிசின்னு ஒரு மாத்திரை, 0.5 மில்லிகிராம் எழுதியிருக்காரு. நம்ம காட்டுக் கண்வலிக்கிழங்குல இருக்கறதும் அதுதானுங்களே? கிழங்கையே வேகவெச்சுக் குடுத்தா ஆகாதுங்களா?

தேன்மொழி (மெடிக்கல்): வேண்டவே வேண்டாம். வேகவெச்சாலும் அது போகாது. கிழங்குக்குக் கிழங்கு அளவும் மாறும். குணமாக்கற அளவுக்கும் கொல்ற அளவுக்கும் நடுவுல இடம் ரொம்பக் கம்மி கண்ணு.

கவின்: மாத்திரை எத்தனைங்க்கா?

தேன்மொழி: சீட்டுல இருக்கறதுதான் கணக்கு. வழக்கமா வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள்ள ரெண்டு, ஒரு மணி நேரம் கழிச்சு ஒண்ணு. முன்னெல்லாம் பேதி ஆகற வரைக்கும் மணிக்கு மணி குடுப்பாங்க. மொத்தம் 4.8 மில்லிகிராம் குடுத்ததையும் 1.8 குடுத்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தப்ப வலி ஒரே மாதிரிதான் குறைஞ்சுது, கூடுதலாக் குடுத்தவங்களுக்குப் பேதிதான் ஜாஸ்தி.

மாமா: விதைல கிழங்கைவிட கோல்சிசின் கூடுதல். மருந்துக் கம்பெனிக்குப் போறது விதைதான். பூவோட சூல்தண்டு பக்கவாட்டுல மடிஞ்சு மகரந்தத்துக்கு எட்டாம நிக்கும், அதான் காலைல பூப்பூவாக் கையால ஒத்தறது. காய் உரிக்கறப்ப கையுறை போடுங்க. விதைக்கிழங்கைச் சக்கரைவள்ளிக் கூடைகிட்ட வெச்சிராதீங்க.

மஞ்சு: தெரியாம தின்னுட்டா?

தேன்மொழி: சில மணி நேரத்துல வாந்தி, தண்ணியாப் பேதி. சாப்பாடு சேரலன்னு நினைச்சு வீட்டுலயே இருந்துருவாங்க. அடுத்த சில நாள்ல ரத்த அணு இறங்கும், கிட்னி, இதயம் படுக்கும். பொழைச்சா ரெண்டு வாரம் கழிச்சு முடி கொட்டும். மாற்று மருந்து கைவசம் இல்ல, டயாலிசிஸ்லயும் வெளிய வராது.
செல்லு நகரவும் பிரியவும் வேணுங்கற நுண்குழலை உள்ள கட்டறதை இது தடுக்குது. வெள்ளணு மூட்டுக்குப் போய்க் குமியாம நின்னா வீக்கம் வடியும். அதே வேலையைக் குடல்லயும் மஜ்ஜைலயும் செஞ்சா ஆளே போயிருவாங்க.

மஞ்சு: இதயத்துக்கும் நல்லதுன்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சே?

தேன்மொழி: பாதி நிஜம். ரத்தக்குழாய் அடைப்பு இருக்கறவங்களுக்கு தினம் 0.5 மில்லிகிராம்னு 2023ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. ஆனா 2024ல, மாரடைப்பு வந்த உடனே ஆரம்பிச்சுப் பார்த்த பெரிய ஆய்வுல பலன் தெரியல. நாமளா வாங்கிப் போடற மருந்தில்ல.
கவின், அப்பிச்சி சளிக்கு கிளாரித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிடறாரா? ரெண்டும் சேர்ந்தா ரத்தத்துல கோல்சிசின் ஏறிரும், உயிர் போனதே உண்டு. கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற ரத்த டெஸ்ட், கிரியேட்டினின், எவ்வளவு?

கவின்: சளி மாத்திரை இல்லீங்க்கா. கிரியேட்டினின் போன மாச ரிப்போர்ட்ல 1.9.

தேன்மொழி: அப்ப முதல் மாத்திரைக்கு முந்தியே டாக்டருக்குப் போன் போட்டு அந்த நம்பரைச் சொல்லு. கிட்னி மந்தமா இருந்தா உடம்புலயே தேங்கிரும். அளவைக் குறைப்பாரு, இல்ல வேற மருந்து மாத்துவாரு.