வீட்டு மின்சாரம் எங்கே செலவாகிறது? சிங்கப்பூர் உறுப்பினர்களின் அனுபவங்கள்

ஈசூனிலிருந்து:

மின்சிக்கனம் என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் குரல், "விளக்கை அணை" என்பதுதான். அது நல்ல பழக்கமே என்றாலும், எல்இடி விளக்குகள் வந்துவிட்ட இந்நாளில் நம் கவனம் வேறு பக்கம் திரும்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கருவி எத்தனை வாட் இழுக்கிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் உண்மை விளங்கும். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆவது ஒரு யூனிட். 9 வாட் விளக்கு 55 மணி நேரம் எரிந்தால்தான் அரை யூனிட் செலவாகும். 50 வாட் மின்விசிறி அதே அரை யூனிட்டில் 10 மணி நேரம் சுழலும். குளியலறையில் இருக்கும் 3,000 வாட் உடனடி வெந்நீர்க் கருவியோ அதைப் பத்தே நிமிடத்தில் தீர்த்துவிடும். அண்மை ஆண்டுகளில் ஒரு யூனிட்டின் விலை 30 காசை ஒட்டியே இருந்து வருகிறது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு, இறக்குமதி செய்யப்படும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால், உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறும்போது நம் கட்டணமும் கூடவே ஏறுகிறது.

எங்கள் வீட்டில் பெரும் செலவு குளிர்சாதனத்தால்தான். அதைச் சுத்தம் செய்ய வந்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர், வேலையை முடித்துவிட்டுப் பொறுமையாக விளக்கியது இன்றுவரை எங்களுக்குப் பயன்படுகிறது. என் மகன் பள்ளியிலிருந்து வந்ததும் வெப்பநிலையை 16இல் வைப்பதைப் பார்த்த அவர், "அக்கா, 16இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடாது. 25இல் வைத்தாலும் முதலில் அதே வேகத்தில்தான் குளிரும். 16இல் வைத்தால் அந்த அளவை எட்டுவதற்காக நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்" என்றார். தூசி படிந்த வடிகட்டியைக் கழற்றிக் காட்டி, காற்றோட்டம் அடைபட்டால் அறை குளிர அதிக நேரம் பிடிப்பதால் வெளியே இருக்கும் கம்ப்ரசர் வீணாக உழைக்கும் என்றும், வடிகட்டியைக் கழுவ யாரையும் அழைக்க வேண்டியதில்லை, குழாயடியில் நாமே கழுவிக் காயவைத்து மாட்டலாம் என்றும் சொன்னார். இப்போது அந்தப் பொறுப்பை மகனே ஏற்றிருக்கிறான்.

தேசிய சுற்றுப்புற வாரியமும் 25 டிகிரி அல்லது அதற்கு மேல் வைக்கும்படியே பரிந்துரைக்கிறது. நாங்கள் 26இல் வைத்து, கூடவே மின்விசிறியையும் சுழலவிடுகிறோம். காற்று உடலில் படும்போது வியர்வை ஆவியாவதால், அறை அத்தனை குளிராக இல்லாவிட்டாலும் உடம்புக்கு இதமாக இருக்கிறது. அறை குளிர்ந்ததும் நேரங்காட்டி குளிர்சாதனத்தை நிறுத்திவிடும். விசிறி மட்டும் விடியும்வரை ஓடும். எங்கள் வரவேற்பறை மேற்கு பார்த்தது. நண்பகலுக்கு முன்பே திரையை இழுத்துவிட்டு, வெயில் இறங்கியதும் சன்னல்களைத் திறந்தால், இரவில் குளிர்சாதனத்தின் தேவையே குறைகிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு, மின்சாரத்தையும் நீரையும் சிக்கனப்படுத்தும் பொருள்களை வாங்க 2024 ஏப்ரலில் வழங்கப்பட்ட 300 வெள்ளி (டாலர்) பருவநிலைப் பற்றுச்சீட்டில் நாங்கள் வாங்கியது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் டிசி மின்விசிறி. குளிர்பதனப் பெட்டி வாங்க நினைப்பவர்கள் மின்சிக்கன முத்திரையில் உள்ள டிக் குறிகளை (எண்ணிக்கை கூடினால் சிக்கனமும் கூடும்) எண்ணுவதோடு நின்றுவிடாமல், அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின்பயன்பாட்டு அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே எண்ணிக்கையில் டிக் பெற்ற இரண்டு பெட்டிகளில் பெரியது அதிக மின்சாரத்தை இழுக்கலாம்.

தோ பாயோவிலிருந்து:

ஈசூன் சகோதரி வெந்நீரைக் குறிப்பிட்டதால் இதை எழுதுகிறேன். மூட்டுவலியால் அவதிப்படும் என் தந்தைக்கு வெந்நீர்க் குளியல் அவசியம். அதில் சிக்கனம் பார்க்க எனக்கு மனம் ஒப்பாது. எனினும், நீரைச் சூடாக்கிச் சேமித்து வைக்கும் தொட்டி வகைக் கருவியின் சுவிட்சை நாள் முழுதும் போட்டே வைத்திருப்பதால் அவருக்கு எந்த நன்மையும் இல்லை. தொட்டியின் சூடு சிறிது சிறிதாக வெளியேற, கருவி மீண்டும் மீண்டும் அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். அவர் குளிப்பதற்குச் சற்று முன்பு சுவிட்சைப் போட்டு, குளித்து முடித்ததும் அணைத்துவிடுகிறோம். நம் ஊரில் குழாய்த் தண்ணீரே ஏறக்குறைய 28 டிகிரியில் வருவதால், 30 லிட்டர் நீரை 38 டிகிரிக்குக் கொண்டுவர யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவே போதும்; அதாவது சுமார் 10 காசு. பெரியவர்களிடம் "வெந்நீர் வேண்டாமே" என்று சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்துவதைவிட, சுவிட்சைக் கவனிக்கும் வேலையை நாம் ஏற்றுக்கொள்வதே முறை.

பிடோக்கிலிருந்து:

மழைக்காலத்தில், குறிப்பாக டிசம்பரிலும் ஜனவரியிலும், துணி காயாத தொல்லையை அனைவரும் அறிவோம். உலர்த்தும் இயந்திரத்தையே நம்பியிருந்த என்னை, எதிர்வீட்டு மலாய் மூதாட்டி ஒருவர் மாற்றினார். சலவை இயந்திரத்தில் துணியைக் கூடுதல் வேகத்தில் இன்னொரு முறை பிழியவிட்டு, பிறகு கம்பத்தில் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு, அடியில் மின்விசிறியை வைப்பது அவருடைய வழக்கம். துணியிலிருக்கும் நீரைச் சுழற்றிப் பிழிந்து எடுப்பதற்கு ஆகும் மின்சாரம், அதே நீரைச் சூட்டால் ஆவியாக்குவதற்கு ஆவதில் மிகச் சிறு பங்குதான். கனமான துண்டுகளுக்கு மட்டும் இன்னமும் உலர்த்தும் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறேன். அவற்றையும் பிழிந்த பிறகே போடுவதால் இயந்திரம் ஓடும் நேரம் வெகுவாகக் குறைந்திருக்கிறது.