ஜெரார்டு கேரியரே ஒரு வழுக்கல்தானாம்!

கொக்கிரகுளம் கோப்: நேத்து இங்க ஒரு மகான் எங்க லிவர்பூல் ஃபுட்பால் கேப்டனப் பத்தி எழுதியிருந்தாரு, "ஸ்டீவன் ஜெரார்டு 17 வருசம் லிவர்பூலுக்கு ஆடி என்னத்தக் கிழிச்சாரு? 2014-ல ஒரே வழுக்கல்ல பிரீமியர் லீக் கோப்பையத் தூக்கி மான்செஸ்டர் சிட்டிக்குக் குடுத்தாரு"ன்னு. வாசிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. கிளப்புக்கு 710 ஆட்டம், 186 கோல். இங்கிலாந்துக்கு 114 ஆட்டம். இதெல்லாம் கண்ணுல படாது. சரி, அந்த வழுக்கலுக்கே வாரேன். லிவர்பூல்-செல்சி ஆட்டம், முதல் பாதி முடியப்போற நேரம். கூட ஆடுத சாக்கோ பக்கத்துல இருந்து சும்மா ஒரு பாஸ் குடுக்காரு. பந்து முதல்ல ஜெரார்டு காலுக்கு அடியில போயிருது. அதைப் பிடிக்கத் திரும்பும்போதுதான் விழுதாரு. பந்து போன பொறவுதான் வழுக்கல்! வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாரும்வே.

வண்ணாரப்பேட்டை புளூஸ்: அந்த மகான் நான்தான். பந்து முன்ன போனா என்ன, கால் முன்ன போனா என்ன? எங்க செல்சி ஆளு டெம்பா பா தனியா ஓடிப்போயி உங்க கோல்கீப்பர் மினோலேயத் தாண்டி அடிச்சுட்டாருல்லா. சொந்த மைதானத்துல 0-2. விழுந்தது யாரு? அதைச் சொல்லும்.

கொக்கிரகுளம் கோப்: பந்து போன பொறவு விழுந்தாரு.

புளூஸ்: விழுந்தாருல்லா?

டவுன் ராசா: ரெண்டு வாரம் முன்ன சிட்டிய 3-2 ஜெயிச்சதும், பயலுவள வட்டமா நிக்க வச்சு இனி வழுக்கவே விடக்கூடாதுன்னு பேசுனதும் இதே ஆளுதான். வாய் முகூர்த்தம் அப்படி 😂

அம்பை அண்ணாச்சி: தம்பிகளா, கணக்கப் பாருங்க. சிட்டி 86 புள்ளி, லிவர்பூல் 84. செல்சிகூட 0-0 முடிஞ்சிருந்தாலும் 85தான், கோப்பை கிடையாது. அடுத்த ஆட்டத்துல கிரிஸ்டல் பேலஸ்கிட்ட 3-0 முன்னால இருந்து, கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிசத்துல மூணு கோல் வாங்கி 3-3 ஆனாங்களே, அது யார் வழுக்குனது? அதை மட்டும் ஜெயிச்சிருந்தாலும் 86-86. கோல் வித்தியாசத்துல சிட்டி 65, இவங்க 51, அப்பவும் கோப்பை சிட்டிக்குத்தான். சீசன் முழுக்க 50 கோல் வாங்குன டிஃபென்சப் பத்தி ஒருத்தரும் பேசமாட்டேங்கிய.

புளூஸ்: அண்ணாச்சி, கணக்கு வாத்தியார் வேலைய ஸ்கூலோட வச்சுக்கிடுங்க. விழுந்தாரா, இல்லையா?

கொக்கிரகுளம் கோப்: அண்ணாச்சி, நீங்க நம்ம பக்கம் பேசுத மாதிரி தெரியுது, ஆனா வழுக்குனாருன்னு நீங்களும் சொல்லிட்டிய. முதல்ல பந்து, பொறவு கால். இதை ஒத்துக்கிட்டுட்டு மத்தத பேசுங்க. 2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல ஏசி மிலான்கிட்ட 0-3 பின்னால கிடந்தோம். 54-வது நிமிசம் தலையால முட்டி முதல் கோலப் போட்டு ஆரம்பிச்சு வச்சது யாரு? மிலான் ஆளு கட்டுசோ தள்ளிவிட்டு பெனால்டி வாங்குனது யாரு? கூடுதல் நேரத்துல வலது பக்கத் தடுப்புக்கு, ரைட் பேக்குக்குப் போயி மிலானோட செர்ஜின்யோவ மறிச்சு நின்னது யாரு? நடுக்களத்து ஆளு வே அவரு! 2006 எஃப்ஏ கப் ஃபைனல்ல வெஸ்ட் ஹாமுக்கு எதிரா கடைசி நேரத்துல 35 கெஜத்துல இருந்து அடிச்சாரே, அன்னைக்குக் கால் நிக்கலயா?

புளூஸ்: எங்க செல்சி லாம்பார்டுக்கு மூணு பிரீமியர் லீக் கோப்பை. உங்காளுக்கு எத்தன?

டவுன் ராசா: 2006 உலகக் கோப்பையில போர்ச்சுகல்கிட்ட ரெண்டு பேரும் பெனால்டிய விட்டாங்க. அதுல மட்டும் நல்ல ஒத்துமை.

கொக்கிரகுளம் கோப்: பெனால்டியா? பாளையில மழையில நடந்த, ஏழு பேர் ஆடுத செவன்ஸ்ல இந்த புளூஸ் அடிச்ச பெனால்டி மதில் தாண்டி ரோட்டுல போன ஆட்டோ மேல விழுந்துச்சு. இவரு ஜெரார்டப் பேசுதாரு!

புளூஸ்: ஏலே, சேத்துல அடிச்சேன்லே அதை! ஸ்டட்ஸ் உள்ள ஷூவ நீ இரவல் வாங்கிட்டுப் போயி திருப்பித் தரல. அதான் காரணம்.

கொக்கிரகுளம் கோப்: பாத்தியளா, சேறுன்னா இவருக்குக் காரணம். ஜெரார்டுக்கு மட்டும் காரணம் கிடையாது.

புளூஸ்: நான் வழுக்கல. வெளிய அடிச்சேன். அது வேற.

அம்பை அண்ணாச்சி: சவத்த விடுங்கப்பா. 3-3 ஆட்டத்தப் பத்தி ஒருத்தராவது...

கொக்கிரகுளம் கோப்: அண்ணாச்சி சும்மா இரிங்க. புளூஸ், ஸ்க்ரீன்ஷாட் போடுதேன், பந்து எங்க இருக்கு, கால் எங்க இருக்குன்னு வட்டம் போட்டிருக்கேன். கண்ணத் தொறந்து பாரும்.

புளூஸ்: பாத்தேன். படத்துல ஆளு தரையில கிடக்காரு.

கொக்கிரகுளம் கோப்: அதுக்கு முந்துன படத்தப் பாரும்வே!

புளூஸ்: முதல்ல ஷூவக் குடு, பொறவு பாக்கேன்.