ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் லினக்ஸும்: போடலாமா, கூடாதா?

புதுவரவு:
விண்டோஸ் 11 உள்ள லேப்டாப். 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுதான். அதையே பிரித்து உபுண்டு லினக்ஸும் போட்டு, ஆன் செய்யும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்க ஆசை. விண்டோஸில் உள்ள ஃபைல்கள் போய்விடக் கூடாது. செய்யலாமா?

இரவுப்பறவை:
வேண்டாம் நண்பரே. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பலருடைய லினக்ஸ் பூட் ஆகவே இல்லை. சிஸ்டத்தை எழுப்பும் பழைய பூட்லோடர்களை, நம்பகமானவற்றை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் ஏற்க மறுத்தது. இரண்டு சிஸ்டமும் உள்ள டூயல் பூட் கம்ப்யூட்டர்களை இது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும் நடந்தது. விண்டோஸுக்குள்ளேயே ஒரு புரோகிராமாக ஓடும் விர்ச்சுவல் மெஷினில் உபுண்டு போடுங்கள், போதும்.

கெர்னல்காரன்:
அப்போது யாருடைய ஃபைலும் அழியவில்லையே? செக்யூர் பூட்டை அணைத்ததும் லினக்ஸ் எழுந்துவிட்டது. டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்தே பூட் ஆகும் பழைய எம்பிஆர் முறையின் காலத்தில் பயப்பட்டது சரி. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்கு இரண்டு சிஸ்டமும் அடித்துக்கொள்ளும்; விண்டோஸை மறுபடி போட்டால் லினக்ஸின் பூட்லோடரான கிரப் காலி. இப்போதைய கம்ப்யூட்டர்களின் யூஇஎஃப்ஐ முறையில் அப்படி இல்லை. பூட்லோடர்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனி ஃபோல்டர். விண்டோஸ் தன்னை பூட் வரிசையில் முதலில் வைத்துக்கொண்டாலும், பயாஸ் செட்டிங்கில் போய் உபுண்டுவை மேலே ஏற்றினால் முடிந்தது.
விர்ச்சுவல் மெஷினில் ரேமைப் பங்கு போட வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டின் முழு வேகமும் கிடைக்காது. லினக்ஸை அன்றாடம் பயன்படுத்த நினைப்பவருக்கு அது பத்தாது.

இரவுப்பறவை:
செக்யூர் பூட்டை அணைத்தால் என்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லாதீர்கள். விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் டிஸ்க்கைத் தானாகவே என்கிரிப்ட் செய்து, அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, வைத்திருக்கிறது. உரிமையாளருக்கே அது தெரியாது. செக்யூர் பூட்டில் கை வைத்ததும் அந்தப் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது கையில் இல்லை என்றால் ஃபைல்களை மறந்துவிட வேண்டியதுதான். கேள்வி கேட்டவர் முதலில் சொன்னதே ஃபைல்கள் முக்கியம் என்றுதான்.

கெர்னல்காரன்:
நியாயமான எச்சரிக்கை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது முன்கூட்டியே கீயை எடுத்து வைக்கச் சொல்கிறதே தவிர, போடவே கூடாது என்று சொல்லவில்லை.

இரட்டைவட்டு:
லேப்டாப்பில் எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இன்னொன்று இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் லினக்ஸுக்குத் தனி எஸ்எஸ்டி. போடும்போது விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். சில சமயம் இன்ஸ்டாலர் பூட்லோடரை அந்த டிஸ்க்கிலேயே எழுதிவிடும்.

புதுவரவு:
பார்த்தேன், இரண்டாவது ஸ்லாட் இல்லை. ஒரே டிஸ்க்கில்தான் போட வேண்டும். எதிலிருந்து ஆரம்பிப்பது?

கெர்னல்காரன்:
ஃபைல்களை வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதுங்கள். அப்புறம் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்குங்கள், லினக்ஸ் பக்கமிருந்து வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அவசியம் அணையுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எழுதினால் ஃபைல் சிஸ்டம் கெடும். கடிகாரம் மாறி மாறிக் காட்டினால் பதற வேண்டாம்: மதர்போர்டில் உள்ள நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமான யுடிசியாகவும் படிக்கின்றன. லினக்ஸில் ஒரு செட்டிங் மாற்றினால் சரியாகும்.

இரவுப்பறவை:
என் கருத்து மாறவில்லை. செய்வதென்று முடிவெடுத்துவிட்டால், பேக்கப்பிலிருந்து நாலைந்து ஃபைல்களை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டே பார்ட்டிஷனில் கை வையுங்கள்.