பயிற்சியில் புலி, மேட்சில் பதற்றம்: குணமா, சூழலா?

கோல்கம்பம்:
பயிற்சியில் பத்துக்கு ஒன்பது பெனால்டி போடுகிறவர் மேட்சில் பந்தை வானத்துக்கு அனுப்புகிறார். உடனே "நெஞ்சுரம் இல்லாத ஆள்" என்று முத்திரை குத்திவிடுகிறோம். 3-0 முன்னிலையில் அதே கால் அதே மூலையில் அடிக்கிறதே, அதை யாரும் குறித்துவைப்பதில்லை.

பிரான்ஸ் கால்பந்து வீரர் ஜிடானைப் பாருங்கள். 1998 உலகக் கோப்பையிலேயே எதிரணி வீரரை மிதித்துச் சிவப்பு அட்டை வாங்கியவர். சீண்டினால் சீறும் இயல்பு. ஆனால் 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 7-வது நிமிடத்தில் பெனால்டியை மெல்லத் தூக்கிப் போட்ட நிதானமும் அவருடையதே. 104-வது நிமிடம் அவர் தலையால் முட்டிய பந்தை இத்தாலி கோல்கீப்பர் பஃபோன் தட்டிவிட்டார். கூடுதல் நேரக் களைப்பு, வாழ்க்கையின் கடைசி மேட்ச், காதில் விழுந்த வசை எல்லாம் ஒன்றுசேர, எதிரணி வீரரின் நெஞ்சில் தலையால் முட்டி, 110-வது நிமிடம் சிவப்பு அட்டையோடு வெளியேறினார். இயல்பு முதல் நிமிடத்திலிருந்தே இருந்தது. அதைக் கிளப்பிய சூழல் பிறகுதான் வந்தது.

தாள்பேனா:
இயல்பான பதற்றம், அந்தந்த நேரத்துப் பதற்றம் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். விளையாட்டு உளவியலாளர் மார்ட்டென்ஸ் 1977-ல் வெளியிட்ட வினாத்தாள் இயல்பான போட்டிப் பதற்றத்துக்கு: 15 கேள்வி, மதிப்பெண் அவற்றில் 10 கேள்விக்கு மட்டும், மொத்தம் 10 முதல் 30 வரை. மீதி ஐந்தும் நோக்கத்தை மறைக்கத்தான். ஆகவே தாளின் தலைப்பில் 'பதற்றம்' என்று எழுதிவிடாதீர்கள். மேட்ச் நாளில், சக வீரர்கள் எட்டிப் பார்க்கும் இடத்தில் கொடுத்தால் எல்லோரும் தைரியசாலிகளாகிவிடுவார்கள்! ஓய்வு நாளில் தனியாகக் கொடுங்கள். அந்தந்த நேரத்துப் பதற்றத்துக்கு 27 கேள்வி கொண்ட வேறு தாள் உண்டு; அதை ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் நிரப்ப வேண்டும்.

தடகளம்:
தாளோடு ஒரு நோட்டும் வேண்டும். ஸ்கோர், நிமிடம், எதிரணி, கூட்டம், என்ன செய்தார் என்று எழுதுங்கள். பத்து மேட்ச் சேர்வதற்குள் முடிவுக்கு வராதீர்கள். மாற்றுவதையும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

எளிதில் பதறுபவரை 'தைரியமாக இரு' என்று உசுப்புவது தீமைதான் செய்யும், கவனம் முழுக்கத் தன்மேலேயே திரும்பிவிடும். அமைதியான ஆளுக்கோ சிக்கல் வேறு: சின்ன மேட்சில் சூடேறாது, அவருக்கு வார்ம் அப்பிலேயே ஸ்கோர் வைத்துப் போட்டி வையுங்கள்.

கோல்கம்பம்:
பெனால்டிக்கு நான் சொல்வது இது. பயிற்சியின் கடைசியில், கால் சோர்ந்த பிறகு, நடுக்கோட்டிலிருந்து சுமார் 40 மீட்டர் தனியாக நடக்கவிட்டு ஒரே பந்து கொடுங்கள். தவறினால் மறுவாய்ப்பு கிடையாது. பதறுபவர் விசில் கேட்டதுமே பந்தை நோக்கி ஓடிவிடுவார். ஒரு முழு மூச்சு விட்ட பிறகே ஓட்டம் என்று பழக்குங்கள்.