க்ரோ டெண்டுக்குள் ஃபேன் ஓடியும் காலையில் ஈரப்பதம் 93%: இன்னொரு ஃபேன் வாங்கலாமா?

தளிர்:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குள் ஓர் அறையில் 80×80×160 செ.மீ. க்ரோ டெண்ட் (லைட் வெளிச்சத்தில் செடி வளர்க்கும் துணிக்கூடாரம்) வைத்திருக்கிறேன். 100 வாட் எல்இடி லைட், 16 மணி நேரம் எரிகிறது. உள்ளே இரண்டு தக்காளிச் செடிகள், முன்பக்கம் நான்கு தொட்டி லெட்டூஸ். மேலே 4 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். நடுக்கம்பியில் ஒரு கிளிப் ஃபேன், அதைத் தக்காளியை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறேன். எல்லாமே ஒரே டைமரில்தான். லைட் அணைந்தால் ஃபேன்களும் நின்றுவிடும்.

லைட் எரியும்போது 25 டிகிரி, ஈரப்பதம் 65%. காலையில் லைட் வருவதற்கு முன் பார்த்தால் 19 டிகிரி, 93%. தக்காளியின் அடி இலைகளில் மாவு தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்திருக்கின்றன. லெட்டூஸின் நடுவில் இருக்கும் பிஞ்சு இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகுகிறது. கால்சியம் கரைசல் ஊற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. பெரிய கிளிப் ஃபேனாக இன்னொன்று வாங்கினால் சரியாகுமா?

காற்றாடி:
வாங்குங்கள், காற்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இலைகள் நன்றாக ஆடும் அளவுக்கு வையுங்கள். இரவில் நிறுத்துவது சரிதான். இருட்டில் செடி ஒன்றும் செய்யப்போவதில்லை, ஓய்வெடுக்கட்டும்.

ஈரமண்:
தளிர், ஃபேனை வாங்குவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். உங்களுக்குக் குறைவது ஃபேன் இல்லை, ஃபேன் ஓடும் நேரம்.

டெண்டுக்குள் காற்றுக்கு இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. ஒன்று, உள்ளே இருக்கும் காற்றைக் கலக்குவது. இதைக் கிளிப் ஃபேன் செய்கிறது. இன்னொன்று, உள்காற்றை வெளியேற்றிப் புதுக்காற்றைக் கொண்டுவருவது. இது எக்ஸாஸ்டின் வேலை. கிளிப் ஃபேன் எத்தனை வைத்தாலும் டெண்டுக்குள் இருக்கும் ஈரத்தில் ஒரு சொட்டுகூட வெளியே போகாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலரும் ஃபேனுக்கு மேல் ஃபேனாக மாட்டுகிறார்கள்.

உங்கள் டெண்டின் கொள்ளளவு ஏறக்குறைய 1 கன மீட்டர். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 65% என்றால் 15 கிராம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மிச்சம் இடம் 8 கிராமுக்கு. இரண்டு தேக்கரண்டித் தண்ணீர்கூட இல்லை. வளர்ந்த இரண்டு தக்காளிச் செடிகளும் லெட்டூஸும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீரை இலை வழியாக விடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 16 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 60 கிராமுக்கு மேல். ஜிப்பைப் போட்டு எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டால் எட்டே நிமிடத்தில் அந்த இடம் நிரம்பிவிடும். பகலில் உங்கள் எக்ஸாஸ்ட் இதைத்தான் சத்தமில்லாமல் சமாளித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் லைட் அணைகிறது, எக்ஸாஸ்டும் நிற்கிறது. 25 டிகிரி, 65% காற்றை அப்படியே குளிரவிட்டால் 18 டிகிரியில் அது பனியாக இறங்க ஆரம்பிக்கும். உங்கள் டெண்ட் 19 வரை போகிறது. ஈரப்பத மீட்டரில் 93% காட்டுவதில் ஆச்சரியமே இல்லை, கணக்குப்படி அங்கேதான் வந்து நிற்க வேண்டும். போதாததற்கு தொட்டியில் நனைந்திருக்கும் மண் இரவிலும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். மீட்டர் தொங்கும் இடத்தில் 93 என்றால், அடி இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும் இடத்தில் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

அந்த வெள்ளைப் புள்ளிகள் சாம்பல் நோய். மற்ற பல பூஞ்சைகளுக்கு இலைமேல் நீர்ப்படலம் வேண்டும். இதற்கு அது தேவையில்லை. காற்றில் ஈரமும், நிழலும், அசையாத காற்றும் போதும். அதனால்தான் மேல் இலைகளை விட்டுவிட்டு அடியில் ஆரம்பித்திருக்கிறது. இப்படியே விட்டால் அடுத்து பூவிலும் தண்டின் வெட்டுக்காயத்திலும் சாம்பல் நிறப் பூஞ்சை வரும். அது வந்தால் தண்டையே அழுகவைக்கும், சாம்பல் நோயைவிட மோசம்.

காற்றாடி சொன்னதில் எனக்கு இரண்டு மறுப்புகள். ஃபேனை நிறுத்தக் கூடாத நேரம் ஒன்று உண்டென்றால் அது இருட்டு நேரம்தான். பகலிலாவது லைட்டின் சூட்டில் காற்று தானாக மேலே ஏறும், இரவில் அதுவும் இல்லை. இரண்டாவது, "எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது" என்பதும் சரியில்லை. இலையைச் சுற்றி எப்போதும் மெல்லிய, அசையாத ஒரு காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். இலை விட்ட ஈரம் அதில் தேங்கும், வெளியில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதைத் தாண்டித்தான் இலைத்துளைக்குள் போக வேண்டும். இந்தப் படலத்தை மெலிதாக்க வினாடிக்கு அரை மீட்டர் வேகக் காற்று போதும். இலை நுனி லேசாக நடுங்கும், காம்பு வளையாது. அதற்குமேல் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் வேர் அனுப்பும் நீரைவிட இலை இழக்கும் நீர் அதிகமாகும். ஓரம் காய்ந்து இலை உள்பக்கமாக மடங்கும். பலர் அதை உரக்குறைபாடு என்று நினைத்து மேலும் உரம் ஊற்றுகிறார்கள்.

அதனால் நான் செய்யச் சொல்வது இதுதான். எக்ஸாஸ்டை லைட் டைமரிலிருந்து பிரித்துவிடுங்கள். 24 மணி நேரமும் ஓடட்டும், இரவில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பகல் வேகத்தை முடிவு செய்வது ஈரத்தைவிட லைட்டின் சூடுதான். மணிக்கு 100 கன மீட்டர் காற்று போனால் 100 வாட் லைட் அதை ஏறக்குறைய 3 டிகிரி சூடாக்கும். அதில் பாதிதான் போகிறதென்றால் 6 டிகிரி. செடி விடும் ஆவியிலும் டெண்டின் சுவர் வழியாகவும் கொஞ்சம் சூடு போய்விடும், ஆகவே நிஜத்தில் இதைவிடக் குறைவாகவே ஏறும். ஃபேன் பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவை அப்படியே நம்பாதீர்கள், அது குழாய் மாட்டாமல் அளந்தது. குழாயில் ஒவ்வொரு வளைவும் வேகத்தைத் தின்னும்.

காற்று உள்ளே வர, கீழே வலை போட்ட திறப்புகள் எத்தனை திறந்திருக்கின்றன? எக்ஸாஸ்ட் ஓடும்போது டெண்டின் பக்கத்துணி லேசாக உள்ளே குழிந்தால் நல்லது. தொட்டிமேல் உரசும் அளவுக்கு உறிஞ்சினால் இன்னொரு திறப்பைத் திறங்கள். வலையில் தூசி படிந்தாலும் இதே மாதிரி ஆகும். நிறையப் பேர் ஃபேன் பழுதாகிவிட்டது என்று நினைப்பது இந்தத் தூசியால்தான்.

கிளிப் ஃபேனைத் தக்காளியின் முகத்துக்கு நேராக வைக்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்து, இலைப்பரப்புக்குச் சற்று மேலே திருப்புங்கள். காற்று சுவரில் மோதிச் சிதறி வரட்டும். இரண்டாவது ஃபேன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சின்னதாக ஒன்று வாங்கி, தொட்டி விளிம்பு உயரத்தில், இலைகளுக்கு அடியில் போகிற மாதிரி வையுங்கள்.

எங்கே காற்று போகவில்லை என்று தெரிந்துகொள்ள டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, நூலில் கட்டி நாலைந்து இடத்தில் தொங்கவிடுங்கள்: மூலைகளில், தக்காளியின் நடுவில், லெட்டூஸின் மேலே, மண்ணை ஒட்டி. ஜிப்பை மூடி, பார்வைச் சாளரம் வழியாகப் பாருங்கள். கதவு திறந்திருந்தால் காற்றோட்டமே மாறிவிடும். எந்தத் துண்டு செத்துத் தொங்குகிறதோ அங்கேதான் நோய் வரும். நான் டெண்டில் ஏதாவது இடம் மாற்றினால் முதலில் இதைத்தான் செய்வேன். மீட்டரைவிட இந்தத் துண்டுக் காகிதம் எனக்கு அதிகம் சொல்லும்.

நோய் பிடித்த அடி இலைகளைக் கிள்ளும்போது எல்லா ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் வித்துத்தூளை நீங்களே டெண்ட் முழுக்கத் தூவிய மாதிரி ஆகும். இலையை உதறாமல் மெதுவாகக் கிள்ளி, அங்கேயே ஒரு பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். முதல் பூங்கொத்துக்குக் கீழே இருக்கும் இலைகளை எப்படியும் படிப்படியாக எடுக்கலாம். மண்ணுக்கும் இலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கிடைத்தாலே அடிக்காற்று தாராளமாக ஓடும்.

நிழல்வலை:
ஈரமண் லெட்டூஸை விட்டுவிட்டார், நான் சொல்கிறேன். அது இலை நுனிக் கருகல். மண்ணில் கால்சியம் இல்லாததால் வருவதில்லை, அதனால்தான் கரைசல் ஊற்றியும் மாறவில்லை. கால்சியம் நீரோட்டத்தோடுதான் இலைக்குப் போகும், ஒரு இலையில் சேர்ந்தபின் இன்னொன்றுக்கு நகராது. நடுப்பிஞ்சு இலைகள் மூடிக்கொண்டு இருப்பதால் அவற்றிலிருந்து ஆவி போவதில்லை, அதனால் நீரும் வருவதில்லை. வெளி இலைகளே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். மேலிருந்து செங்குத்தாக, செடியின் நடுவில் படும்படி மெல்லிய காற்று கொடுத்தால் குறையும். உள்ளரங்குப் பண்ணைகளிலும் இந்த வழியைக் கையாள்கிறார்கள். லைட்டையும் கொஞ்சம் உயர்த்துங்கள், வேகமாக வளரும் செடியில்தான் இது அதிகம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இரவில் காற்று ஈரமாக இருந்தால் வேர் தள்ளும் அழுத்தத்தில் அந்தப் பிஞ்சு இலைக்குக் கால்சியம் போய்ச் சேரும். லெட்டூஸுக்கு மட்டும் பார்த்தால் ஈரமான இரவு நல்லதுதான்.

இன்னொன்று, அந்த 93% உண்மையா என்று சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் பைக்குள் அடைத்து ஓர் இரவு வையுங்கள். மீட்டர் 75% காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அவ்வளவைக் கழித்தோ கூட்டியோ படியுங்கள்.

தளிர்:
இருவருக்கும் மிக்க நன்றி. உப்புச் சோதனையில் 77 காட்டுகிறது, ஆக 91 என்று வைத்துக்கொள்ளலாம். காகிதத் துண்டு தொங்கவிட்டதில் தக்காளிக்கு அடியிலும் பின்மூலையிலும் அசைவே இல்லை. எக்ஸாஸ்டைத் தனியாகப் பிரித்து முழு இரவும் ஓடவிட்டேன். காலையில் மீட்டரில் 84% வரைதான் இறங்கியது. அறைக் கதவு இரவில் மூடியிருக்கும், எக்ஸாஸ்ட் காற்றும் அந்த அறைக்குள்ளேயேதான் விழுகிறது. சத்தமும் தூங்கவிடவில்லை. சாதாரண லைட் டிம்மரை மாட்டி வேகத்தைக் குறைக்கலாமா?

ஈரமண்:
லைட் டிம்மர் வேண்டவே வேண்டாம். ஏசி மோட்டாரில் அதை மாட்டினால் மோட்டார் முனகும், சூடாகும், இரவு முழுக்க ஆளில்லாமல் ஓடும் இடத்தில் அது ஆபத்து. உங்கள் ஃபேனுக்கென்று தயாரிப்பாளர் சொல்லும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைத்தான் வாங்க வேண்டும். மாற்றுவதாக இருந்தால் இசி மோட்டார் (வேகத்தை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் மோட்டார்) ஃபேன் எடுங்கள், குறைந்த வேகத்தில் சத்தமே கேட்காது. பாதிச் சத்தம் கம்பியில் இறுக்கிக் கட்டியிருப்பதால் வரும் அதிர்வு. ரப்பர் பட்டையில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

84க்குக் கீழே இறங்காததற்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டெண்ட் மூச்சு விடுவது அறைக்குள், மூச்சு இழுப்பதும் அதே அறையிலிருந்து. அறைக்காற்றைவிட உலர்ந்த காற்று டெண்டுக்கு எங்கிருந்தும் வராது. மீட்டரை ஒரு இரவு டெண்டுக்கு வெளியே, உள்ளே காற்று இழுக்கும் திறப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். அங்கேயே 80 காட்டினால் டெண்டுக்குள் இனி எதை மாற்றியும் பயனில்லை, அறையைத்தான் பார்க்க வேண்டும். குழாயை நீட்டி, எக்ஸாஸ்ட் காற்றை ஜன்னல் வழியாகவோ அடுத்த அறைக்கோ அனுப்புங்கள், கதவின் அடியில் புதுக்காற்று வர இடம் விடுங்கள். வெளிக்காற்றே ஈரமாக இருக்கும் இடம் என்றால் அறைக்குள் ஈரநீக்கி ஒன்று வைக்க வேண்டி வரும்.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, அதை முதலில் செய்து பாருங்கள். லைட்டை மாலையில் போட்டு மறுநாள் காலைவரை எரியவிடுங்கள். செடியின் இருட்டு எட்டு மணி நேரம் பகலில் வரட்டும். பகலில் அறை வெதுவெதுப்பாக இருக்கும், அதனால் இருட்டிலும் டெண்ட் 19 வரை குளிராது, ஈரப்பதமும் அந்த அளவுக்கு ஏறாது. அறை குளிரும் நேரத்தில் லைட்டின் சூடு டெண்டைக் காக்கும். பகல் வெளிச்சம் ஜிப் இடுக்கில் உள்ளே கசியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரையும் லைட் வந்தவுடனே ஊற்றிவிட்டால் இருட்டு வருவதற்குள் மேல்மண் உலர்ந்திருக்கும்.

நிழல்வலை சொன்ன லெட்டூஸ் விஷயம் உண்மை, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே டெண்டில் இரண்டும் இருக்கும்போது, நோய் பிடித்திருக்கும் தக்காளி பக்கம்தான் நான் நிற்பேன். கருகிய நுனியை வெட்டிவிட்டு லெட்டூஸைச் சாப்பிட்டுவிடலாம், சாம்பல் நோய் அப்படி ஓர் இடத்தில் நிற்காது. இருட்டில் 75க்குக் கீழே கொண்டுவாருங்கள், லெட்டூஸுக்கு நடுவில் மேல்காற்று கொடுங்கள். அது போதவில்லை என்றால் லெட்டூஸைச் சிறு இலையாக இருக்கும்போதே அறுவடை செய்துவிடுங்கள். நடு இலைகள் மூடிக்கொள்ளும் பருவம் வரை விட்டால்தான் கருகும்.

அந்தப் பின்மூலைக்கு வாங்கும் சின்ன ஃபேனின் வயரைத் தொட்டிகளுக்கு மேலே கம்பியோடு கட்டிவிடுங்கள். பிளக் பாயிண்டுக்கு வரும் முன் ஒரு வளைவு கீழே தொங்கவிட்டுக் கொண்டுபோனால், வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.