துணை இழந்த கிழட்டு எலியை எப்படிப் பார்ப்பது?

கேள்வி (உப்புவெளி): வளர்ப்பு எலிக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. கூட இருந்தது போன கிழமை செத்துப் போச்சு. இது சாப்பாட்டைக் குறைத்து மூலையில் சுருண்டு கிடக்குது, பின்னங்கால் இழுபடுது. புதுசா ஒன்று சேர்க்கலாமா?

மறுமொழி 1: ஒற்றைக் குட்டி வேண்டாம். அது விளையாட்டுக்குக் கிழட்டையே துரத்தும். சேர்ப்பதென்றால் கிழட்டின் அதே பாலினத்தில் இரண்டு குட்டிகள், அதுவும் இரண்டு கிழமை வேறு அறையில் வைத்த பிறகு. மூச்சு நோய் இலகுவில் தொற்றும். நடக்கவே கஷ்டமென்றால் தனியே விடுங்கோ, நாளுக்கு நாலைந்து தடவை மடியில் வைத்திருங்கோ. கூட்டை ஒரேயடியாகக் கழுவாதீங்கோ, பழகின மணம் கொஞ்சம் இருக்கட்டும்.

மறுமொழி 2: பின்னங்காலுக்கு: மேல்தட்டுகளைக் கழற்றி ஒரே தளமாக்குங்கோ. கம்பித் தளத்தில் பழைய பருத்தித் துணி, தினமும் மாற்ற வேணும். மூத்திரம் ஊறினால் பாதம் புண்ணாகும். தண்ணீர்ப் போத்தலைத் தாழ்த்தி, பக்கத்தில் தட்டைக் கிண்ணமும் வையுங்கோ. குழைந்த சோறு, மசித்த பருப்பு, அவித்த முட்டை சிறு துண்டு. கிழமைக்கொருக்கா சமையல் தராசில் நிறுங்கோ. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கோ.

மறுமொழி 3: கச்சான் காற்று வீசும் காலத்து வெக்கை எலிக்கு ஆபத்து. அதுக்கு எங்களைப் போல வியர்க்காது, வாலாலும் சூடு போகும். உறைந்த போத்தலைத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வையுங்கோ, மின்விசிறியை நேரே திருப்பாதீங்கோ. கண், மூக்கில் சிவப்புக் கசிவு இரத்தமில்லை, ஆனால் நோயின் அல்லது மன அழுத்தத்தின் அடையாளம். மூச்சில் சத்தமும் சேர்ந்தால் அன்றைக்கே வைத்தியம்.